பெயர்தான் காந்தப் புயல், கலங்குவது காற்று

2024 மே 10, வெள்ளிக்கிழமை ராத்திரி பத்தரை மணி இருக்கும். சின்னமுட்டத்தில் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் துறைமுகத்தில் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் அப்படி இல்லை. மேற்குக் கடலுக்குத் தடை ஜூன் 1-இல்தான் தொடங்கும். அதனால் அங்குள்ள படகுகள் ஆழ்கடலில் நாள்கணக்கில் தங்கி மீன்பிடிக்கும் தங்கல் போட்டிருந்தன. கன்னியாகுமரி கிழக்குக் கடலும் மேற்குக் கடலும் உள்ள மாவட்டம் என்பதால் எங்களுக்குத் தடைக்காலமும் இரண்டு.

சூரியனிலிருந்து கிளம்பிய காந்த மேகங்கள் பூமியின் காந்தக் கூட்டில் வந்து மோதியது அந்த நேரத்தில்தான். 2003-க்குப் பிறகு இருபது வருஷத்தில் வராத பெரிய புயல். அளவுகோலில் ஆக உயர்ந்த படியான ஜி-5-ஐத் தொட்டது. லடாக்கில் ஹான்லே வானம் சிவந்தது. அந்தப் படங்கள் மறுநாள் எல்லார் போனிலும் ஓடின.

தேங்காய்ப்பட்டணத்தில் எனக்கு ஒரு மாமா இருக்கிறார். நாற்பது வருஷமாகத் தங்கல் தொழில் செய்கிறவர். அடுத்த முறை பார்த்தபோது கேட்டார்: “வடக்க வானம் செவந்துதாமே மக்கா, நமக்கு இங்க என்ன?” “நமக்கு ஒண்ணும் இல்ல மாமா, அது துருவத்துப் பக்கம் நடக்குற காரியம்” என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசிக்கும்போதுதான் தப்பான பதிலைச் சொல்லிவிட்டோம் என்று உறைத்தது. புயல் துருவத்தில் மூண்டாலும் அதன் விளைவு நம் தலைக்கு மேலே வந்து முடிகிறது. அதுவும் வானத்தின் நிறத்தோடு நிற்பதில்லை. மேலே உள்ள காற்றின் கலவையே மாறிப்போகிறது. அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் பெயரைப் பற்றி. காந்தப் புயல் என்று சொல்கிறோம். அந்தப் புயலில் நிலநடுக்கோட்டுப் பகுதிகளில் பூமியின் காந்தப்புலம் ஏறக்குறைய 400 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) இறங்கியது. பெரிய எண் போலத் தோன்றும். ஆனால் கன்னியாகுமரியில் நிற்கிற ஒருவர் மேல் எப்போதும் இருக்கும் காந்தப்புலம் 40,000 நானோடெஸ்லா அளவு. அதாவது பெயரில் உள்ள காந்தம் மாறியது நூற்றில் ஒரு பங்கு. அதே புயலில் 400, 500 கி.மீ. உயரத்தில் காற்றின் அடர்த்தி சில மடங்கு கூடிவிட்டது. நூற்றில் ஒரு பங்கு மாறியதை வைத்துப் பெயர் சூட்டிவிட்டோம். மடங்குக் கணக்கில் மாறியதை யாரும் பேசுவதில்லை. காந்தமானியில் பார்த்தால் புயல் ஓரிரு நாளில் அடங்கிவிட்டது போல இருக்கும். மேலே காற்றில் அதன் தடம் அதற்குப் பிறகும் கிடக்கும்.

காற்று என்றால் நமக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த கணக்குதான் ஞாபகம் வரும்: நைட்ரஜன் 78, ஆக்சிஜன் 21, மீதி மற்றவை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலையைச் சுற்றுகிற ஆடிக்காற்றுக்கும், இமயமலை உச்சிக்கும், விமானம் பறக்கும் உயரத்துக்கும் இந்தக் கணக்குச் சரி. சுமார் 100 கி.மீ. உயரம்வரை இந்த விகிதம் பெரிதாக மாறாது. காரணம், அதுவரை காற்று ஓயாமல் கலக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது.

அதற்கு மேலே கலக்குகிற கை இல்லை. காற்று அவ்வளவு மெலிந்துவிடுகிறது. ஒவ்வொரு வாயுவும் தன் எடைக்கு ஏற்பத் தனித்தனியாக அடுக்கிக்கொள்கிறது. கனமானது கீழே, லேசானது மேலே. போதாததற்கு, சூரியனின் புற ஊதாக் கதிர் அங்கே ஆக்சிஜன் மூலக்கூறுகளை இரண்டாக உடைத்துவிடுகிறது. அதனால் மேலே இருப்பது நாம் மூச்சில் இழுக்கும் இரட்டை ஆக்சிஜன் இல்லை. ஒற்றை ஆக்சிஜன் அணு. அதன் எடை 16. நைட்ரஜன் மூலக்கூறின் எடை 28.

இந்த 16-க்கும் 28-க்கும் உள்ள வித்தியாசம்தான் கதை முழுவதற்கும் ஆதாரம். மேல் வளிமண்டலத்தின் வெப்பநிலை 1,000 கெல்வின் என்று வைத்துக்கொள்வோம்; 300 கி.மீ. உயரத்தில் அது சகஜம். அந்தச் சூட்டில் சுமார் 23 கி.மீ. ஏறினாலே நைட்ரஜன் பாதியாகிவிடும். ஒற்றை ஆக்சிஜன் பாதியாக 40 கி.மீ. ஏற வேண்டும். நைட்ரஜன் சீக்கிரம் பின்தங்கிவிடுவதால் 200 கி.மீ. வாக்கில் ஆக்சிஜன் அணுக்கள் அதை முந்திக்கொள்கின்றன. சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றும் 400 கி.மீ. உயரத்தில் அவைதான் பெரும்பான்மை. தரையில் நாலில் மூன்று பங்குக்கும் அதிகமாக இருந்த நைட்ரஜன் அங்கே சிறுபான்மை ஆகிவிடுகிறது.

இன்னும் மேலே ஏறினால் ஹீலியத்தின் ராஜ்யம். இதைச் சொல்லும்போது எங்கள் மாவட்டத்து மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் இருக்கிறது. 1909-இல் ஷாம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் கண்டுபிடித்தது. மோனசைட்டுக்குள் தோரியம் இருக்கிறது. தோரியம் சிதையும்போது ஆல்ஃபா துகளைக் கக்கும். அந்த ஆல்ஃபா துகள் பக்கத்தில் கிடைக்கும் இரண்டு எலக்ட்ரான்களைப் பிடித்துக்கொண்டால் ஹீலியம் அணு. பூமியின் காற்றில் உள்ள ஹீலியம் ஏறத்தாழ முழுவதும் இப்படி மண்ணிலும் பாறையிலும் பிறந்து வெளியே கசிந்ததுதான். ஒரு கைப்பிடி கறுப்பு மணலை அள்ளிப் பார்த்தால் பளபளக்கிற மணிகளுக்கு நடுவே தேன் நிறத்தில் சின்னச் சின்ன மணிகள் தெரியும். அவற்றிலிருந்து வெளியேறும் ஹீலியத்தில் ஒரு பங்கு காற்றோடு கலந்து, 100 கி.மீ. எல்லையைத் தாண்டி, பிறகு தன் லேசான எடையால் எல்லாவற்றுக்கும் மேலே போய் நிற்கிறது. அறுநூறு, எழுநூறு கி.மீ. உயரத்தில் செயற்கைக்கோள் மேல் உரசுகிற அணுக்களில் நம் கடற்கரையில் பிறந்தவையும் இருக்கும்.

சரி, புயலுக்கு வருவோம்.

சூரியனிலிருந்து வரும் காந்த மேகத்தின் புலம் தெற்கு நோக்கி இருந்தால் பூமியின் காந்தக் கூட்டோடு அது கைகோத்துக்கொள்ளும். கதவு திறந்த மாதிரி. உள்ளே வரும் ஆற்றல் துருவப் பகுதிகளில், 110 முதல் 150 கி.மீ. உயரத்தில், பெரும் மின்னோட்டங்களாகப் பாய்கிறது. மின்னூட்டம் பெற்ற அயனிகள் வேகமாக இழுபடுகின்றன. மின்னூட்டம் இல்லாத சாதாரணக் காற்று அவற்றின் வழியில் நிற்கிறது. உரசல், அதனால் சூடு. வானத்தில் தெரியும் துருவ ஒளி இந்த ஆற்றலில் ஒரு சிறு பங்கு. பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத இந்தச் சூடுதான். அமைதியான நாளில் மேல் வளிமண்டலத்தைச் சூடாக்குவது வெயில். பெரும் புயல் நாளில் புயல் தரும் சூடு வெயில் தருவதை மிஞ்சிவிடும்.

சூடானால் காற்று உப்பும். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. படிக்கும்போது பலரும் தடுமாறும் இடம் இது, நானும் தடுமாறியிருக்கிறேன். காற்று வெறுமனே உப்பினால் எல்லா வாயுக்களும் சேர்ந்து மேலே ஏறும். ஒரு குறிப்பிட்ட உயரத்தில் பார்த்தால் நைட்ரஜன் கூடியிருக்கும், உண்மைதான். ஆனால் அடுக்கு அப்படியேதான் இருக்கிறது. மொத்தமாக மேலே நகர்ந்திருக்கிறது, அவ்வளவே. உண்மையான கலவை மாற்றம் அடுத்த கட்டத்தில் நடக்கிறது. உப்பி நின்ற காற்று நாலாபுறமும் வழிந்து ஓடத் தொடங்கும். அப்படி வழிந்துபோன இடத்தை நிரப்பக் கீழிருந்து காற்று ஏறி வரும். கீழிருந்து வருவது நைட்ரஜன் மிகுந்த காற்று. அடுக்கு அங்கேதான் குலைகிறது.

கஞ்சிப் பானையைப் பார்த்திருப்பீர்கள். வெந்த சோறு அடியில் படிந்திருக்கும், மேலே தெளிந்த கஞ்சித்தண்ணீர் நிற்கும். அடுப்பில் ஒரு பக்கம் மட்டும் தீயைத் தூண்டிவிட்டால், அந்தப் பக்கம் அடியில் கிடந்த பருக்கைகள் மேலே கிளம்பி வரும்; மேலே இருந்த தெளிவு எதிர்ப்பக்கம் ஒதுங்கிக் கீழே இறங்கும். பருக்கை நைட்ரஜன், தெளிவு ஆக்சிஜன், தீ எரிகிற பக்கம் துருவம் என்று வைத்துக்கொண்டால் பாதி விஷயம் புரிந்துவிடும். எதிர்ப்பக்கம் நாம். துருவத்தில் நைட்ரஜன் மிகுந்த காற்று மேலே ஏற, அங்கிருந்து தள்ளப்பட்ட காற்று நிலநடுக்கோடு நோக்கி வந்து, இரண்டு துருவத்துக் காற்றும் சந்தித்து, நம் பக்கத்தில் கீழே இறங்குகிறது. இறங்கும்போது மேலடுக்கின் ஆக்சிஜனைக் கூட்டிக்கொண்டு வரும். ஆக, துருவத்தில் ஆக்சிஜனுக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள விகிதம் குறைகிற அதே நேரத்தில் நம் அட்சரேகையில் அது கொஞ்சம் கூடுகிறது. ஹீலியம் எப்போதும் நைட்ரஜனுக்கு எதிர்ப்பாட்டு: நைட்ரஜன் பொங்கும் இடத்தில் ஹீலியம் குறையும்.

இதெல்லாம் ஊகம் இல்லை. 1956-இலேயே சீட்டன் என்ற இயற்பியலாளர், புயலின்போது அயனி மண்டலம் (மேல் காற்றில் மின்னூட்டம் பெற்ற அடுக்கு) மெலிவதற்குக் காற்றின் கலவை மாறுவதுதான் காரணமாக இருக்கும் என்று சொன்னார். அப்போது மேலே போய் அளக்க வழி இல்லை. முதல் செயற்கைக்கோளே 1957-இல்தான் ஏறியது. 1958-இல் ஏறிய சோவியத் செயற்கைக்கோள் ஸ்புட்னிக்-3-இன் சுற்றுப்பாதையைக் கவனித்த வானியலாளர் லூயிஜி யாக்கியா, காந்தப் புயல் நாட்களில் அந்தக் கோள் கூடுதலாக இழுபடுவதைக் கண்டு, மேல் காற்று அடர்த்தியாகிறது என்று நிறுவினார். 1972-இல் ஐரோப்பியர்கள் ஏவிய எஸ்ரோ-4 செயற்கைக்கோள் வாயுக்களைத் தனித்தனியாக எண்ணும் கருவியைக் கொண்டுபோனது. அதன் தரவுகளை வைத்து ப்ரோல்ஸ் என்ற ஜெர்மன் ஆய்வாளர் புயலின் கலவைப் படத்தைத் தெளிவாக வரைந்தார். இப்போது கோல்ட் என்ற கருவி, 2018-இல் ஏறிய ஒரு தொடர்பு செயற்கைக்கோளில் உட்கார்ந்துகொண்டு, புற ஊதா ஒளியில் பூமியின் ஒரு பாதியைப் பகல் முழுக்கப் பார்த்து, ஆக்சிஜன்-நைட்ரஜன் விகிதத்தைப் படமாகவே தருகிறது. நைட்ரஜன் மிகுந்த காற்று துருவத்திலிருந்து நாக்கு நீட்டுவது போல இறங்கி வருவதை அதில் கண்ணால் பார்க்கலாம்.

கலவை மாறினால் என்ன? தரையில் நம் மூச்சுக்கு ஒன்றும் ஆகாது. 100 கி.மீ.-க்கு மேலே உள்ள காற்று முழுவதையும் சேர்த்தாலும் மொத்தக் காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட வராது. மழைக்கும் இதற்கும் முடிச்சுப் போட வேண்டாம். மாறுவது எலக்ட்ரான்களின் கணக்கு.

மேலே வெயில் படும்போது ஆக்சிஜன் அணு ஒரு எலக்ட்ரானை உதிர்த்து அயனியாகிறது. அப்படி உதிர்ந்த எலக்ட்ரான்களின் கடல்தான் அயனி மண்டலம். உதிர்ந்த எலக்ட்ரான் நேரடியாக அந்த ஆக்சிஜன் அயனியோடு திரும்பச் சேர்வது மிக மெதுவான காரியம். நடுவில் நைட்ரஜன் மூலக்கூறு ஒன்று வந்தால் கதை மாறும். ஆக்சிஜன் அயனி நைட்ரஜனோடு வினைபுரிந்து நைட்ரிக் ஆக்சைடு அயனியாகும்; அது கண்ட எலக்ட்ரானையும் சட்டென்று விழுங்கிவிடும். ஆக்சிஜன் எலக்ட்ரானைப் பெற்றுத் தருவது, நைட்ரஜன் அதைத் தீர்த்துவிடுவது. வரவு ஆக்சிஜன் கையில், செலவு நைட்ரஜன் கையில். விகிதம் குறைந்த இடத்தில் அயனி மண்டலம் மெலியும், கூடிய இடத்தில் தடிக்கும். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் புயலுக்கு மறுநாள் காலை சிற்றலை வானொலித் தொடர்பு நலிந்துபோவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

மறுநாள் காலை என்று ஏன் சொல்கிறேன் என்றால், மேல் காற்று ராத்திரியில்தான் துருவத்திலிருந்து நிலநடுக்கோடு நோக்கி இயல்பாக வீசும். புயலின் தள்ளலும் அதே திசை என்பதால் நைட்ரஜன் மிகுந்த காற்று ராத்திரியில் தெற்கே வேகமாக இறங்கி, பூமி சுழலச் சுழலக் காலை வெளிச்சத்துக்கு வரும். கோடைக்காலத்து அரைக்கோளத்தில் இது இன்னும் தூரம் இறங்கும். மே மாதம் வடக்குக்குக் கோடை. 2024 புயல் அந்த வகையில் நல்ல பருவம் பார்த்து வந்தது. அவ்வளவு பெரிய புயலில் கனமான காற்று வழக்கமான எல்லையைத் தாண்டி வெப்பமண்டலத்தையே எட்டிப் பார்க்கும்.

இனி நம் ஊர். காந்த நிலநடுக்கோடு என்று ஒன்று இருக்கிறது. காந்த ஊசியை நூலில் தொங்கவிட்டால் சாயாமல் கிடைமட்டமாக நிற்கும் இடங்களை இணைத்த கோடு. இந்தியாவில் அது தென்கோடியை ஒட்டித்தான் கடக்கிறது. வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் நகரும். இந்தக் கோடு இங்கே இருப்பதால்தான் திருவனந்தபுரம் பக்கத்தில் தும்பாவில் ராக்கெட் தளம் வந்தது. 1963 நவம்பர் 21 சாயங்காலம் அங்கிருந்து கிளம்பிய நைக்-அப்பாச்சி ராக்கெட் மேலே சோடியம் ஆவியைப் பரப்பியது. அந்த ஆரஞ்சு மேகம் எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று பார்த்தே மேல் காற்றின் வேகத்தைக் கணக்கிட்டார்கள். அதற்கும் நூறு வருஷத்துக்கு முன்னால், நாகர்கோவில் திருவிதாங்கூரில் இருந்த காலத்தில், திருவனந்தபுரம் வானாய்வகத்தில் ஜான் ஆலன் ப்ரவுன் காந்த ஊசிகளைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். 1855-இல் அகத்தியமலை உச்சியிலும் அவர் ஓர் ஆய்வகம் கட்டினார். யானையும் அட்டையும் உள்ள அந்தக் காட்டு உச்சிக்குக் கருவிகளைத் தலைச்சுமையாக ஏற்றியவர்கள் நம் பக்கத்து மலை ஆட்களாகத்தான் இருக்க வேண்டும். இன்று அந்த வேலையை இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் திருநெல்வேலி ஆய்வகம் கிருஷ்ணாபுரத்தில் செய்கிறது.

இந்தக் கோட்டின் மேல் பகலில் சுமார் 105 கி.மீ. உயரத்தில் கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் ஓடுகிறது. சில நூறு கி.மீ. அகலமுள்ள மின்சார ஆறு. அதோடு சேர்ந்த மின்புலம் எலக்ட்ரான்களை மேலே தூக்கும். தூக்கியவை காந்தக் கோடுகள் வழியே வடக்கிலும் தெற்கிலும் சறுக்கி, இரண்டு பக்கமும் காந்த அட்சரேகை 15 வாக்கில் போய்க் குவியும். நீரூற்று பீய்ச்சி இரண்டு பக்கம் விழுவது மாதிரி. அதனால் இந்தியாவில் எலக்ட்ரான் குவியல் மத்திய இந்தியாவுக்கு மேலே. நாம் நிற்பது ஊற்றின் வாயில், ஒப்பீட்டளவில் பள்ளத்தில்.

புயல் வந்தால் இந்த ஊற்று இரண்டு விதமாகக் கலையும். புயல் தொடங்கிய உடனே துருவத்து மின்புலம் நேராக இங்கே ஊடுருவும். அதற்கு நேரமே பிடிக்காது. பகலில் ஊற்றை இன்னும் உயரமாகப் பீய்ச்சும். இரண்டாவது, துருவத்திலிருந்து கிளம்பிய காற்று. அழுத்த அலை வினாடிக்கு 700 மீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்தால், 7,000 கி.மீ. தாண்ட மூன்று மணி நேரம் ஆகும். பின்னால் காற்றோட்டமும் கலவை மாற்றமும் பல மணி நேரம், சமயத்தில் ஒரு நாள் கழித்து வந்து சேரும். வந்து சேர்ந்த காற்று எதிர்த்திசையில் ஒரு மின்புலத்தை உண்டாக்கும். பகலில் ஊற்று அடங்கும், மின்சார ஆறு திரும்பி ஓடுவதும் உண்டு. கலவை, காற்று, மின்புலம் மூன்றும் சேர்ந்து எழுதும் கணக்கு என்பதால், துருவத்துப் புயல் மாதிரி ஒரே வரியில் இதைச் சொல்லிவிட முடியாது. 2024 மே புயலின்போது தும்பாவுக்கு மேலே மொத்த எலக்ட்ரான் அளவு வழக்கத்தில் பாதிக்கும் கீழே போனதாக இஸ்ரோ சொன்னது. புயலின் உச்சம் நமக்குக் காலை எட்டு மணி வாக்கில் வந்தது. வெயில் ஏறி அயனி மண்டலம் முழுசாக வளராத நேரம். அதனால் இந்தியப் பகுதி பெரிய சேதாரம் இல்லாமல் தப்பியது. மத்தியானத்தில் வந்திருந்தால் வேறு கதை.

இப்போது மாமாவின் படகுக்கு வரலாம். வீல்ஹவுஸில் ஜிபிஎஸ் பெட்டி, எக்கோ சவுண்டர், வயர்லெஸ். 2017-இல் வந்த ஒக்கிச் சூறாவளிக்குப் பிறகு செயற்கைக்கோள் வழியே சேதி போகும் டிரான்ஸ்பாண்டர் பெட்டிகளும் படகுகளில் ஏறின. ஜிபிஎஸ் திரையில் அவர் குறித்து வைத்திருக்கும் பார் (கடலடிப் பாறைத் திட்டு) இடங்கள் மட்டும் நூற்றுக்கு மேல். அந்தப் பெட்டிக்கு வரும் சிக்னல் அயனி மண்டலத்தைக் கடந்துதான் வர வேண்டும். எலக்ட்ரான் கூடக் கூடத் தாமதமாகும். தாமதத்தைப் பெட்டி தூரம் என்று எண்ணிக்கொள்ளும். நிலநடுக்கோட்டுப் பகுதியில் நல்ல மத்தியான நேரத்து எலக்ட்ரான் அளவுக்கு இந்தப் பிழை தலைக்கு நேர் மேலே உள்ள செயற்கைக்கோளுக்கே 8 முதல் 16 மீட்டர்வரை போகும்; அடிவானத்தை ஒட்டியதற்கு இரண்டு மூன்று மடங்கு. பெட்டிக்குள் ஒரு சராசரித் திருத்தம் இருக்கிறது, அது ஏறக்குறைய பாதியைக் கழித்துவிடும். ஆனால் அந்தச் சராசரி அமைதியான வானத்துக்குப் போட்ட கணக்கு. புயலில் அது பொருந்தாது.

“இந்தப் பெட்டி சொல்லுற இடமும் பாரு கெடக்குற இடமும் சில ராத்திரி ஒத்து வராது மக்கா” என்று மாமா முன்பு ஒருமுறை சொன்னதுண்டு. எல்லாப் பழியையும் புயல் மேல் போட முடியாது. காந்த நிலநடுக்கோட்டுப் பகுதியில் அந்தி சாய்ந்த பிறகு அயனி மண்டலத்தில் எலக்ட்ரான் வற்றிய குமிழிகள் கீழிருந்து எழும்பும். மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், சூரியன் சுறுசுறுப்பாக உள்ள வருஷங்களில் இது சாதாரணம். அப்போது சிக்னல் நட்சத்திரம் மாதிரி மினுக்கும்; பெட்டி செயற்கைக்கோளைத் தவறவிட்டுத் திரும்பப் பிடிக்கும். புயல் இந்தக் குமிழிகளை ஒரு ராத்திரி கிளப்பிவிடும், இன்னொரு ராத்திரி அடக்கிவிடும். அது வந்து சேரும் நேரத்தைப் பொறுத்தது. இரண்டு அலைவரிசையில் கேட்கும் பெட்டிகள் தாமதத்தைத் தாமே கணக்குப் போட்டுக் கழித்துவிடும். ஜிபிஎஸ் மாதிரி இடம் காட்டும் நம் நாட்டு நாவிக் செயற்கைக்கோள்கள் பயன்படுத்தும் எஸ்-பேண்ட் அலையில் தாமதம் வழக்கமான ஜிபிஎஸ் அலையில் உள்ளதில் நாற்பது சதவீதம்தான். வாங்கும்போது இதைக் கேட்டு வாங்கலாம்.

எலக்ட்ரானை விட்டுவிட்டு அடர்த்தியைப் பார்த்தால், அதன் பாரம் செயற்கைக்கோள்கள் மேல் விழுகிறது. 2022 பிப்ரவரி 3-இல் ஏவிய 49 ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்களில் 38 திரும்ப விழுந்து எரிந்தன. அவ்வளவு பெரிய புயலும் இல்லை, சாதாரணப் புயல்தான். ஆனால் அவற்றை முதலில் நிறுத்தியது 210 கி.மீ. உயரத்தில், அங்கே காற்று ஐம்பது சதவீதம்வரை கூடுதலாக இழுத்ததில் அவற்றால் மேலே ஏற முடியவில்லை. 2024 மே 11-இல் நம் கார்ட்டோசாட்-2எஃப் செயற்கைக்கோள், வழக்கமாக ஒரு நாளில் 35, 40 மீட்டர் இறங்குவது, 180 மீட்டர் இறங்கியது. 1979-இல் ஸ்கைலாப் என்ற அமெரிக்க விண்வெளி நிலையம் விழப்போகிறது என்று ஊரே நடுங்கியதை அம்மா சொல்வார்கள். அதுவும் சூரியன் எதிர்பார்த்ததைவிடச் சுறுசுறுப்பாகி, மேல் காற்று உப்பி, கோளைச் சீக்கிரம் கீழே இழுத்ததால் நடந்தது. குலசேகரன்பட்டினத்தில் வரும் ஏவுதளம் சின்ன ராக்கெட்டுகளுக்கானது. அவை தாழ்ந்த சுற்றுப்பாதையில்தான் கோள்களை நிறுத்தும். அங்கிருந்து தெற்கே கிளம்பும் ஒவ்வொரு ராக்கெட்டும் இந்தக் காற்றுக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.

புயல் அடங்குவது எப்படி என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சூடு ஏறும்போதே அதைத் தணிக்கிற வாயுவும் அங்கே பிறந்துவிடுகிறது. துருவத்தில் கொட்டும் துகள்கள் நைட்ரஜனை உடைக்கின்றன; உடைந்த நைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரிக் ஆக்சைடு ஆகிறது. அந்த வாயு அகச்சிவப்பு ஒளியாகச் சூட்டை விண்வெளிக்கு வீசி எறிவதில் கெட்டிக்காரன். புயல் பெரிதாக இருந்தால் இது அளவுக்கு மீறி உருவாகும், புயல் நின்ற பிறகும் நாள்கணக்கில் தங்கும். அதனால் பெரும் புயலுக்குப் பிறகு மேல் வளிமண்டலம் புயலுக்கு முன் இருந்ததைவிடக் குளிர்ந்து சுருங்கிப்போவதும் உண்டு. செயற்கைக்கோள்களுக்கு அப்போது இழுவை வழக்கத்தைவிடக் குறைவு. கலைந்த அடுக்கு திரும்பப் படிவது இன்னும் நிதானம்: கனமானது கீழே, லேசானது மேலே என்று ஒவ்வொன்றும் தன் இடத்துக்குத் திரும்பச் சில நாட்கள் பிடிக்கும்.

மாமாவிடம் மறுபடி பேசியபோது ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னேன். சூரியக் காற்று பூமிக்கு வருவதற்கு முன் 15 லட்சம் கி.மீ. தொலைவில் இஸ்ரோவின் சூரிய ஆய்வுக்கலம் ஆதித்யா-எல்1 உட்கார்ந்திருக்கிறது. அதைத் தாண்டி வரப் பெரும் புயலுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். மின்புலம் இங்கே உடனே வந்துவிடும். காற்றின் அழுத்த அலை வர இன்னும் மூன்று மணி நேரம். கலவை மாற்றத்துக்கு அதற்கும் மேலே. ஆக, துருவத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இல்லாத அவகாசம் நிலநடுக்கோட்டுக்காரர்களான நமக்கு இருக்கிறது. 2017 நவம்பரில் ஒக்கி வந்தபோது, தூரக் கடலில் தங்கியிருந்தவர்களுக்குச் சேதி போய்ச் சேரவில்லை. எத்தனை வீடுகள் இருண்டன என்று இந்தக் கரைக்குத் தெரியும். இப்போது படகில் சேதி வாங்கும் பெட்டி இருக்கிறது. காற்று, அலை, மீன் கூடும் இடம் எல்லாம் அதில் வருகிறது. “இன்று ராத்திரி ஜிபிஎஸ் தடுமாறலாம்” என்று ஒரு வரி அதோடு சேர்ந்து வர வேண்டும் என்று கேட்பது பெரிய கோரிக்கை இல்லை.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். “அப்படிச் சேதி வந்தா, பாருக்குப் பக்கத்துல வலை விடாம தள்ளி விட்டுருவோம். கல்லுல மாட்டுனா வலை போயிரும்லா” என்றார். பிறகு, அவருடைய அப்பா காலத்தில் மருந்துவாழ்மலையையும் கரையில் உள்ள கோயில் கோபுரத்தையும் ஒரே நேருக்குக் கொண்டுவந்து பார் இருக்கும் இடத்தைப் பிடித்த கதையைச் சொன்னார். கரையை விட்டு மலை மறையும் தூரம் போய்விட்டால் அந்த வித்தை உதவாது. அவர் படகு தங்கல் போடுவது மலை மறைந்து பல நாள் ஓட்டத்துக்கு அப்பால்.